தூங்கும் நேரத்தில் சருமம் என்ன செய்கிறது?

நைட் கிரீம் டப்பா எதைத் திருப்பிப் பார்த்தாலும் பின்பக்கத்தில் ஏறக்குறைய ஒரே கதைதான் இருக்கும். பகலெல்லாம் வெயிலிலும் புகையிலும் அடிபட்ட சருமம், நாம் கண்ணயர்ந்ததும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளத் தொடங்குகிறதாம். அந்த வேலைக்கு இந்த கிரீம் கைகொடுக்கிறதாம். எஸ்டி லாடர் நிறுவனம் 1982-இல் 'நைட் ரிப்பேர்' என்று பெயர் வைத்தே ஒரு சீரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரவு என்றாலே சருமத்தின் பழுதுபார்ப்பு நேரம் என்பது இன்று விளம்பரங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

கதை முழுப் பொய் இல்லை. சருமத்துக்கு இரவு வேறு, பகல் வேறு என்பது ஆய்வுகளில் நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். ஆனால் இரவில் நடப்பவை எல்லாமே நமக்குச் சாதகமானவை என்று சொல்ல முடியாது. சில வேலைகள் அப்போது வேகமெடுக்கின்றன, சில மந்தமாகின்றன. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இவற்றில் எது தூக்கத்தால் நடக்கிறது, எது வெறுமனே கடிகார நேரத்தால் நடக்கிறது? கிரீம் டப்பாக்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்துவிடுகின்றன.

கடிகாரத்திலிருந்து தொடங்கலாம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து உடலுக்கு நேரம் சொல்வது அதுதான். ஆனால் கடிகாரம் அங்கே மட்டும் இல்லை. ஜெனீவாவில் உவேலி ஷிப்லரின் ஆய்வகம் 1998-இல் ஒன்றைக் காட்டியது: கண்ணாடித் தட்டில் வளர்த்த எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில், மூளையோடு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே, கடிகார மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் சுழற்சியில் ஏறி இறங்கின. நம் தோலில் கொலாஜனைத் தயாரிப்பவை இதே வகைச் செல்கள்தான். மேல்தோல் செல்கள், நிறமி தரும் மெலனோசைட்டுகள் என்று தோலின் மற்றக் குடிமக்களிடமும் சொந்தக் கடிகாரம் இருப்பது பிறகு தெரியவந்தது. இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தோலுக்கும் தூக்கத்துக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. இன்று தூக்க ஹார்மோன் என்று எல்லோரும் சொல்லும் மெலட்டோனினை 1958-இல் பிரித்தெடுத்தவர் தூக்க ஆய்வாளர் இல்லை, யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர். வெண்புள்ளி நோய்க்கு உதவக்கூடிய, நிறத்தை மாற்றும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து அவர் எடுத்த பொருள் தவளைத் தோலை வெளுக்க வைத்தது. தேடிய மருந்து கிடைக்கவில்லை, ஆனால் இரவின் ஹார்மோன் கையில் சிக்கியது.

சரி, தோல் புதுப்பிக்கப்படுவது என்றால் உண்மையில் என்ன? மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் செல்கள் பிரிகின்றன. புதிதாகப் பிறந்தவை மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. போகிற வழியில் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, கடைசியில் உட்கருவையும் இழந்து செத்துவிடுகின்றன. அப்படிச் செத்த செல்கள் 15, 20 அடுக்குகளாகப் படிந்திருப்பதுதான் நாம் தொட்டுப் பார்க்கும் வெளித்தோல். அதன் மொத்தத் தடிமன் முகத்திலும் கையிலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். இந்தச் செத்த அடுக்கை அலட்சியமாக நினைக்க வேண்டாம். உடலின் நீர் வெளியே ஆவியாகாமலும், வெளியில் இருப்பது உள்ளே வராமலும் காப்பது அதுதான். தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவரோடு ஒப்பிட்டார்: செல்கள் செங்கல், இடையில் இருக்கும் செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. பாடப்புத்தகங்களில் இன்றும் அந்த ஒப்புமைதான் நிற்கிறது.

அடிவரிசையில் பிறந்த செல் மேலே வந்து உதிர எவ்வளவு நாள்? 28 நாள் என்று எல்லா அழகுக் குறிப்புகளும் சொல்லும். அது குறைந்தபட்சக் கணக்கு. 40 நாளுக்கு மேல் ஆகும் என்று சொல்லும் அளவீடுகளும் உண்டு, வயது ஏற ஏற இன்னும் நீளும். இதை அளந்த முறை எளிமையானது. டான்சில் குளோரைடு என்ற ஒளிரும் சாயத்தைத் தோலில் ஊறவைத்து, புற ஊதா விளக்கின் கீழ் அந்த ஒளிர்வு எத்தனை நாளில் மறைகிறது என்று பார்ப்பார்கள். ஆல்பர்ட் கிளிக்மன், கேரி குரோவ் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் செத்த அடுக்கு மட்டும் முழுதாக மாற இளைஞர்களுக்கு ஏறத்தாழ 20 நாள் ஆனது. முதியவர்களுக்கு அதற்கு மேல் பத்து நாளைத் தாண்டியது.

கொலாஜன் விவகாரம் இன்னும் மெதுவானது. தோலில் இருக்கும் கொலாஜனில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும் என்று ஒரு கணக்கீடு இருக்கிறது. ஆகவே 'ஒரே இரவில் புதிய சருமம்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம். ஒரு இரவில் நடப்பது ஒரு இரவுக்கான வேலை மட்டுமே. காலையில் முகம் பளிச்சென்று தெரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் நீர்: வெளித்தோல் நீரை உறிஞ்சி உப்பும்போது நுண்ணிய கோடுகள் மறைகின்றன, மேற்பரப்பு சமமாகி வெளிச்சத்தை நன்றாகத் திருப்புகிறது. குளித்து முடித்து சில மணி நேரம் ஆனால் அது போய்விடும்.

ஆனாலும் அந்த ஒரு இரவு வேலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மனித மேல்தோலில் செல் பிரிதல் எந்த நேரத்தில் அதிகம் என்று லாரன்ஸ் ஷெவிங் 1959-இலேயே தோல் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார். உச்சம் நள்ளிரவை ஒட்டி இருந்தது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போதும் செல் பிரியும்போதும் அது எளிதில் சேதமடையக்கூடியது. வெயில் இல்லாத நேரத்துக்கு இந்த வேலையைத் தள்ளிவைப்பது உயிரினத்துக்கு லாபம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, இது நேரம் சார்ந்த ஒழுங்கு. படுத்த உடனே ஒரு பொத்தான் அழுத்தப்பட்டு நடப்பதில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் கண்ணை மூடினால் அந்த உச்சம் மதியத்துக்கு வந்துவிடாது.

டி.என்.ஏ. பழுதுபார்ப்பும் கடிகாரத்தோடு ஓடுகிறது. புற ஊதாக் கதிர் ஏற்படுத்தும் சேதத்தை வெட்டி எடுத்துச் சரிசெய்யும் முறையை விளக்கியதற்காக 2015-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் அஜீஸ் சன்ஜார். அவருடைய குழு 2011-இல் எலிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அதிகாலை 4 மணிக்கும் மற்றதற்கு மாலை 4 மணிக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரைக் கொடுத்தது. அதிகாலைக் கூட்டத்தில் தோல் புற்று சுமார் ஐந்து மடங்கு அதிகம். அந்த நேரத்தில் எலித் தோலில் பழுதுபார்க்கும் புரதம் குறைவாகவும், நகலெடுக்கும் செல்கள் அதிகமாகவும் இருந்தன. எலி இரவில் நடமாடும் பிராணி, ஆகவே மனிதர்களில் இது தலைகீழாக, காலையில் பழுதுபார்ப்பு வலுவாக இருக்கும் என்று குழு எதிர்பார்த்தது. அதை மனிதருக்கு அப்படியே பொருத்தி 'காலை வெயில் பாதுகாப்பு' என்று முடிவு கட்டுவது அவசரம்.

இரவு சம்பந்தமாக எனக்கு மிகவும் வியப்பளிப்பது யேலில் டக்ளஸ் பிராஷின் குழு 2015-இல் வெளியிட்டது. வெயிலில் இருந்து உள்ளே வந்துவிட்டால் டி.என்.ஏ. சேதம் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் கண்டதோ, கதிர் நின்று மூன்று மணி நேரத்துக்கு மேலும் இருட்டிலேயே சேதம் தொடர்ந்து உருவாவதை. காரணம் மெலனின். நம்மைக் காப்பதாக நாம் நம்பும் அதே நிறமி, வேதிவினைகளால் தூண்டப்பட்டு, தேக்கிய ஆற்றலை டி.என்.ஏ.வுக்குக் கைமாற்றுகிறது. இத்தகைய வேதிவினைகளைத் தணிக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டை மாலையில் தடவுவதற்கு ஏதாவது அறிவியல் அடித்தளம் தேட வேண்டுமென்றால் நான் இங்கேதான் தேடுவேன். விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது வேடிக்கை.

இனி டப்பாவின் பின்பக்கத்தில் ஒருபோதும் அச்சாகாத பகுதிக்கு வரலாம். இரவில் தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாகிறது. கில் யோசிபோவிட்ச்சும் சக ஆய்வாளர்களும் 1998-இல் அளந்தபோது, தோல் வழியாக நீர் ஆவியாவது மாலையிலும் இரவிலும் காலையைவிட அதிகமாக இருந்தது. உடல் தூக்கத்துக்குத் தயாராகும்போது உள்வெப்பத்தை வெளியேற்ற கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சூடாகிறது. அந்த நேரத்தில் அழற்சியை அடக்கிவைக்கும் கார்ட்டிசால் நாளின் மிகத் தாழ்ந்த அளவில் இருக்கிறது. எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள் இரவில் சொறிந்து சொறிந்து தூக்கம் கெடுவதற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம். ஜப்பானில் டெண்டா, சுச்சியா இருவரும் 2000-இல் வேறொரு சோதனை செய்தார்கள். வெளித்தோலை டேப் ஒட்டி உரித்து, தடுப்பு எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று பல நேரங்களில் பார்த்தார்கள். இரவு 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில்தான் மீட்சி மந்தம். நைட் கிரீம் பூசும் நேரமும் அதேதான்!

காயம் ஆறுவதும் இரவின் பக்கம் இல்லை. கேம்பிரிட்ஜில் ஜான் ஓ'நீலின் குழு 2017-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளில் சிகிச்சை பெற்ற 118 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. பகலில் பட்ட தீக்காயம் ஆற சராசரியாக 17 நாள், இரவில் பட்டதற்கு 28 நாள். காயத்தின் பக்கம் நகர்ந்து போய் அதை மூட வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நாம் விழித்திருக்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருந்தன. யோசித்தால் இது பொருத்தமே. அடிபடும் வாய்ப்பு நடமாடும்போதுதானே அதிகம்.

ஆக, இரவில் செல்கள் பெருகுகின்றன, அதே சமயம் நீர் கசிகிறது, அரிப்பு கூடுகிறது, காயம் மெதுவாக ஆறுகிறது. 'பழுதுபார்ப்பு நேரம்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் இதை அடக்க முடியாது.

அப்படியென்றால் தூக்கத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கத்தின்போது வளர்ச்சி ஹார்மோன் பெரிய அலையாகச் சுரக்கிறது. விழித்தே இருந்தால் அந்த அலை அடங்கிவிடும். 2001-இல் அமெரிக்காவில் மார்கரெட் ஆல்டிமஸ் குழு, ஒரே ஒரு இரவு தூங்காமல் இருந்த பெண்களின் தோல் தடுப்பு, உரிக்கப்பட்ட பிறகு மீள அதிக நேரம் எடுப்பதைக் கண்டது. 2010-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நடந்த ஆய்வு இன்னும் பிரபலம். 23 பேரை, நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு முறையும் 31 மணி நேரம் விழித்திருந்த பிறகு ஒரு முறையும் படம் எடுத்து, அவர்களை அறியாத 65 பேரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். தூக்கமிழந்த முகங்கள் ஆரோக்கியம் குறைந்தவையாகவும் கவர்ச்சி குறைந்தவையாகவும் மதிப்பெண் பெற்றன. பின்னால் அதே வட்டத்தின் இன்னொரு ஆய்வு காரணங்களைப் பிரித்துக் காட்டியது: தொங்கும் இமை, சிவந்த கண், கருவளையம், வெளிறிய தோல். இதில் எந்த கிரீமாலும் மூடி மறைக்க முடியாதவையே அதிகம்.

இனி எதைப் பூசுவது என்ற கேள்வி. என் கணிப்பில் இரவின் உண்மையான அனுகூலம், அப்போது இல்லாத விஷயங்களில் இருக்கிறது. வெயில் இல்லை, வியர்வை குறைவு, மேக்கப் இல்லை, முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்க மாட்டோம். பூசியது ஏழெட்டு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் கிடக்கும். வெயில் பட்டால் கெட்டுப்போகும் பொருட்களும், பட்டால் தோலைக் கெடுக்கும் பொருட்களும் இரவுக்குப் போவதற்குக் காரணம் இந்த எளிய வேதியியல்தான்.

முதலிடம் வைட்டமின் ஏ குடும்பத்துப் பொருட்களான ரெட்டினாய்டுகளுக்கு. இவற்றில் மூத்ததான டிரெட்டினாயின் முகப்பரு மருந்தாக 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அதை உருவாக்கியவர், மேலே சாயச் சோதனையில் வந்த அதே கிளிக்மன். பருவுக்குப் பூசிய நடுவயதினர் சிலர் தோல் மிருதுவாகிறது, சுருக்கம் குறைகிறது என்று சொல்ல, அவர் அதைப் பின்தொடர்ந்து 1986-இல் வெயிலால் முதிர்ந்த தோலில் அதன் விளைவை வெளியிட்டார். அவருடைய பெயரைச் சொல்லும்போது ஹோம்ஸ்பர்க் சிறையையும் சொல்லியாக வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் அந்தச் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், அவருடைய தோல் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

டிரெட்டினாயின் வேலை செய்வது செல்லின் உட்கருவில் இருக்கும் ஏற்பிகளோடு ஒட்டி. மேல்தோலின் சுழற்சி வேகமெடுக்கிறது, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் அடங்குகின்றன, புதிய கொலாஜன் கொஞ்சம் உருவாகிறது. ஆனால் ஒளி பட்டால் சிதைந்துவிடும், அதனால் இரவு. கடையில் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால், தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகே டிரெட்டினாயின் என்ற செயல்படும் அமிலமாகிறது, ஆகவே வீரியமும் எரிச்சலும் குறைவு. பலன் தெரிய மாதங்கள் ஆகும். முதல் வாரங்களில் தோல் உரியும், சிவக்கும். வாரத்துக்கு இரண்டு இரவு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்த வகையையே தவிர்க்க வேண்டும்.

கிளைக்காலிக் போன்ற பழ அமிலங்கள், செத்த செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்தி உதிர வைக்கின்றன. இவற்றைப் பூசும் நாட்களில் தோல் வெயிலுக்கு அதிகமாகச் சிவக்கும், நிறுத்தினால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். இரவில் பூசினால் மறுநாள் பகல் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, மறுநாளும் சன்ஸ்கிரீன் தேவைதான். ரெட்டினாலும் அமிலமும் ஒரே இரவில் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் எரிச்சல். ஏற்கெனவே சுவர் பலவீனமாக இருக்கும் நேரம் அது என்பதை மறக்கக்கூடாது. உள்ளே போக வேண்டியது எளிதாகப் போகும் என்றால், எரிக்க வேண்டியதும் எளிதாகப் போகும்.

மற்றபடி இரவில் நீர் கசிவதைத் தடுப்பதே போதுமான வேலை. இதில் விலைக்கும் பலனுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய வாசலின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி, நீர் இழப்பை 98 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடியது. அதற்கு ஈடான வேறு பொருள் இன்னும் வரவில்லை. பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்குக் கிளிசரினும் செராமைடும் உள்ள சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். கிளிசரின், ஹயலுரானிக் அமிலம் போன்றவை நீரை ஈர்ப்பவை, மேலே ஒரு கொழுப்புப் படலம் இருந்தால்தான் ஈர்த்தது தங்கும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் இது இன்னும் முக்கியம். சந்தையில் இருக்கும் பல நைட் கிரீம்களின் பொருள் பட்டியலை அதே நிறுவனத்தின் டே கிரீமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சன்ஸ்கிரீனை எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் கூட்டி, டப்பாவின் நிறத்தைக் கருநீலமாக்கியிருப்பார்கள். ஸ்லீப்பிங் மாஸ்க் என்பதும் பெரும்பாலும் அதே சரக்கு, ஜெல் வடிவத்தில்.

தலையணை விஷயம் சின்னது. பக்கவாட்டிலோ குப்புறவோ படுத்தால் முகம் அழுந்தி, காலையில் கோடு விழும். இளவயதில் அரைமணியில் மறையும் அந்தக் கோடு, வருடங்கள் ஆக ஆக ஒரே இடத்தில் நிலைக்கத் தொடங்குகிறது. மல்லாந்து படுக்கலாம், ஆனால் அதற்காகத் தூக்கம் கெடுமென்றால் கோட்டோடு வாழ்வதே நல்லது.

மிச்சமிருப்பது, இரவில் தூங்காதவர்களின் கேள்வி. நர்ஸ், காவலர், கால்சென்டர் ஊழியர் என்று இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் படுப்பவர்களின் தோலுக்கு எது இரவு? கடிகாரம் வெளிச்சத்தை மட்டும் பார்த்து ஓடுவதில்லை, சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் போகி ஆண்டர்சனும் டெக்சாஸில் ஜோசப் டகஹாஷியும் சேர்ந்து 2017-இல் செய்த ஆய்வில், எலிகளுக்கு அவை வழக்கமாக உறங்கும் பகல் நேரத்தில் மட்டும் உணவு கொடுத்தபோது தோலின் கடிகாரமே இடம் மாறியது. புற ஊதாக் கதிரால் எந்த நேரத்தில் அதிக சேதம் வரும் என்ற கணக்கும் அதோடு மாறிவிட்டது. மனிதரில் இது எந்த அளவுக்கு என்பதற்கு எலியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நடைமுறையில் ஷிப்ட் ஊழியருக்கு நைட் கிரீம் என்பது படுக்கும் முன் பூசும் கிரீம், அது எந்த மணியாக இருந்தாலும். ஒரே ஒரு திருத்தம். புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ. என்ற வகை சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும், ஆகவே டிரெட்டினாயினைப் பூசிக்கொண்டு பகலில் படுப்பவர் முதலில் கனமான திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். வேலை முடிந்து காலை வெயிலில் வீடு திரும்பும்போது சன்ஸ்கிரீனும் வேண்டும், அன்றைய நாள் அவருக்கு முடியப்போகிறது என்றாலும்.